காபுரேட்டரைத் தந்த வில்ஹெல்ம் மேபாக்

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் வழியே கடலுக்குச் செல்லும் படகுகளின் இரைச்சல் பாலமீன்மடுப் பகுதி மக்களுக்குப் புதியதன்று. அப்படகுகளின் பின்புறத்தே தொங்கும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பலவற்றில் கைக்கடக்கமான ஓர் உறுப்பு உண்டு. காற்றையும் எரிபொருளையும் உரிய அளவிற் கலந்து இயந்திரத்திற்கு ஊட்டும் காபுரேட்டரே அது. அதற்கு இன்றைய வடிவம் கிடைக்க வழிசெய்த ஜேர்மனியப் பொறியியலாளர் வில்ஹெல்ம் மேபாக்கின் பெயரை, செல்வந்தர் ஏறும் ஒரு காரின் பெயராக மட்டுமே நம்மிற் பலர் அறிந்துள்ளோம்.

1846 பெப்ரவரி 9 இல் ஹைல்புரோன் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த மேபாக், பத்து வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். றொய்ற்லிங்கன் நகரிலிருந்த அறநிலையம் ஒன்றே அவரை வளர்த்தது. அங்கு வரைபடம் வரையக் கற்ற இளைஞனின் திறமையை, நிலையத்தின் தொழிற்சாலையைப் பொறுப்பேற்று நடத்திய கொட்லிப் டைம்லர் கண்டுகொண்டார். 1900 இல் டைம்லர் மறையும்வரை நீடித்த உறவு அது.

டொய்ற்ஸ் இயந்திரத் தொழிற்சாலையில் பத்தாண்டுகள் பணியாற்றிய பின்னர், 1882 இல் இருவரும் கான்ஸ்ராட்டுக்கு வந்து, டைம்லர் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலைப் பட்டறையாக்கினர். இரவும் பகலும் கேட்ட உலோக ஓசையால் கள்ளநாணயம் அடிக்கிறார்களோ என ஐயுற்ற தோட்டக்காரர் பொலிஸாரை அழைத்ததாக ஒரு கதை உண்டு. அங்கிருந்தே 1885 இல் இயந்திரம் பூட்டிய இருசக்கர வண்டி வெளிவந்தது. மறு ஆண்டு நெக்கார் ஆற்றில் மோட்டார் படகு ஓடிற்று. பெற்றோல் வெடித்துவிடும் என மக்கள் அஞ்சியதால், மின்சாரப் படகு எனத் தோன்றும்படி கம்பிகளையும் பீங்கான் குமிழ்களையும் பொருத்தினார்களாம்.

அக்காலத்தில் பெற்றோலின் மேற்பரப்பில் காற்றைச் செலுத்தி ஆவியாக்கியே எரித்தனர். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முனைந்தால் கலவை கெட்டுவிடும். 1893 இல் மேபாக் கண்ட வழி எளியது. ஒரு சிறு கிண்ணத்தில் மிதவையின் துணையால் பெற்றோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். இயந்திரம் இழுக்கும் காற்று நுண்துளையைக் கடக்கையில் பெற்றோலைத் தூவலாக உறிஞ்சிச் செல்லும். ஹங்கேரியரான பாங்கியும் சோங்காவும் அதே ஆண்டில் இதே முடிவுக்கு வந்திருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவரது பெரும் படைப்பு 35 குதிரைவலுக் கொண்ட மேர்சிடிஸ் ஆகும். 1901 மார்ச்சில் நீஸ் நகரப் பந்தயங்களில் அது பெற்ற வெற்றி ஐரோப்பாவையே வியக்கவைத்தது. பிரான்ஸ் நாட்டவர் அவரை வடிவமைப்பாளரின் மன்னர் எனப் புகழ்ந்தனர். ஆயினும் டைம்லரின் மறைவுக்குப் பின் சொந்த நிறுவனமே அவரை ஓரங்கட்டியது. 1907 இல் அவர் வெளியேறினார். மகன் கார்லுடன் செப்பலின் வான்கப்பல்களுக்கு இயந்திரம் செய்யும் தொழிலுக்கு வழிகோலிய அவர், 1929 டிசெம்பர் 29 இல் காலமானார்.

அவர் காணாத திருப்பம் பின்னரே நிகழ்ந்தது. 1940 இல் பிரித்தானியப் போர்விமானங்கள் திடீரெனக் கீழ்நோக்கிப் பாய்ந்தால் காபுரேட்டரில் எரிபொருள் தடுமாறி இயந்திரம் இருமியது. எரிபொருளை நேரே உட்செலுத்திய ஜேர்மனிய விமானங்களுக்கு அத்தொல்லை இருக்கவில்லை. வளைவுகளில் விரையும் பந்தயக் காரிலும் கிண்ணத்துப் பெற்றோல் இவ்வாறே ஒதுங்கும். மேபாக் உழைத்த அதே நிறுவனத்தின் வழிவந்த டைம்லர் பென்ஸ், 300 எஸ்.எல். என்னும் காரை 1952 இல் மூன்று காபுரேட்டர்களுடன் ஓட்டி லே மான் பந்தயத்தை வென்றது. 1954 இல் அதே பெயரில் விற்பனைக்கு வந்த காரில் காபுரேட்டர் இல்லை. எரிபொருளை நேரே உட்செலுத்தும் பம்பி இருந்தது. வலு கணிசமாக உயர்ந்தது. ஆனால் இயந்திரத்தை நிறுத்தும்போது, அது சுழன்று ஓயும்வரை பம்பி பெற்றோலைச் செலுத்திக்கொண்டே இருந்ததால், உருளைச் சுவரிலிருந்த எண்ணெய் கழுவப்பட்டது. அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்ற நேர்ந்தது.

பழைய கார்ப் பிரியர்கள் எது மேல் என இன்றும் வாதிடுகின்றனர். எரிபொருட் சிக்கனத்திலும் புகைக் குறைப்பிலும் உட்செலுத்தலே மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் காபுரேட்டரின் அருமையை நம் மண் வேறுவிதமாக அறிந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது அவ்வுறுப்பு எதையும் பொறுத்துக்கொண்டதாலேயே. கணினி ஆளும் இன்றைய உட்செலுத்தல் அத்தகைய பொறுமையை அறியாது.

வீதியோரக் கராஜில் நுண்துளையை ஊதித் துப்புரவாக்கிப் பிழைக்கும் இளைஞனுக்கு, உணரிகளைச் சோதிக்கும் கருவி எட்டாக்கனியாகவே உள்ளது. இறக்குமதியாகும் மோட்டார் சைக்கிள்கள் உட்செலுத்தலுக்கு மாறிவரும் இவ்வேளையில், மட்டக்களப்பிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் மாலை வகுப்புகள் மூலமேனும் அக்கருவியை அவன் கையில் கொடுக்க வேண்டும். கற்க அவன் ஆயத்தமாகவே இருக்கிறான். பகல் முழுதும் கடையை மூடிவிட்டு வர மட்டும் அவனால் இயலாது.