டின் பாலை எதிர்த்து நின்ற டாக்டர்: யார் இந்த சிசிலி வில்லியம்ஸ்?

லால்பேட்டை மாதிரி ஊர்களில் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போது பெட்டியில் குழந்தைப் பால்பவுடர் டின்னும் வருவதுண்டு. உள்ளூர் மெடிக்கலில் அதைவிடக் குறைந்த விலையில் வேறு டின் இருக்கும். எது நல்லது? பெரிய பிராண்டா, விலை குறைந்ததா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெண் டாக்டரின் நீண்ட போராட்டம் இருக்கிறது.

ஜமைக்கா டூ ஆக்ஸ்போர்டு

சிசிலி வில்லியம்ஸ் 1893 டிசம்பர் 2-ம் தேதி ஜமைக்காவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஆண் மாணவர்கள் ராணுவத்துக்குப் போய்விட, ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கும் மருத்துவம் படிக்க வாய்ப்பு வந்தது. அப்படித்தான் இவர் டாக்டர் ஆனார். 1929-ல் பிரிட்டிஷ் அரசு வேலையில் இன்றைய கானாவுக்குப் போனார்.

அங்கே வயிறும் கால்களும் வீங்கி, தோல் உரிந்து பல குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. சிசிலி தாய்மார்களிடமே உட்கார்ந்து விசாரித்தார். அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்குத் தாய்ப்பால் நின்றுவிடுகிறது, பிறகு கிடைப்பது சோளக் கஞ்சி மட்டும் என்று தெரிந்தது. புரதச்சத்துக் குறைவு தொடர்பான இந்த நோயைப் பற்றி 1933-ல் எழுதினார். உள்ளூர் மக்கள் வைத்திருந்த 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே மருத்துவ உலகுக்கும் கொடுத்தார்.

சிங்கப்பூரில் என்ன நடந்தது?

1936-ல் மலாயாவுக்கு மாற்றலாகி, சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லோரும் வாழ்ந்த ஊர் அது. நர்ஸ் மாதிரி வெள்ளை உடுப்பு போட்ட பெண்களைப் பால் நிறுவனங்கள் வீடு வீடாக அனுப்பின. தாய்ப்பால் நன்றாக இருந்த அம்மாக்கள்கூட இனிப்பு கண்டென்ஸ்டு மில்க்குக்கு மாறினார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாலில் சர்க்கரை ரொம்ப அதிகம். கொழுப்பு எடுத்த மலிவு ரகத்தில் குழந்தைக்குத் தேவையான வைட்டமின் ஏ, டி சத்துகளும் இல்லை. பிரிட்டனில் அந்த ரக டின்னில் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட்டே ஆகவேண்டும். அதே பால் மலாயாவில் குழந்தை உணவாக விலைபோனது. சுத்தமில்லாத தண்ணீரும் பாட்டிலும் சேர்ந்துகொள்ள, குழந்தைகள் இறந்தன.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் சிசிலி பேசினார். தலைப்பே 'பாலும் கொலையும்'. தவறான பாலைத் திணித்து வரும் சாவுகளைக் கொலையாகவே பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம்.

சிறையிலும் கிடைத்த ஆதாரம்

போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், 1942-ல் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். ஜப்பானிய ராணுவப் போலீஸின் பிடியிலும் மாதக்கணக்கில் இருந்தார். அந்தப் பட்டினி முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் பதிவு செய்தார்.

1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவர் ஆனார். பால்பவுடர் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிமுறை 1981-ல் வந்தது. 1992 ஜூலையில், 98 வயதில் சிசிலி காலமானார். அதே வருஷ டிசம்பரில் இந்தியாவும் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே டிவியில் குழந்தைப் பால்பவுடர் விளம்பரம் வராததும், டின்னில் குழந்தை படம் இல்லாததும் இதனால்தான். இலவச சாம்பிள் கொடுப்பதற்கும் தடை உண்டு.

சரி, எந்த டின் வாங்குவது?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது முடியாதபோதுதான் பால்பவுடர், அதுவும் குழந்தை நல டாக்டரைக் கேட்டு.

இந்தியாவில் சட்டப்படி விற்கும் குழந்தைப் பால்பவுடர் எதுவானாலும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொன்ன சத்து அளவுகள் இருந்தாக வேண்டும். அதனால் விலை கூடிய டின்தான் சத்தானது என்று பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு:

* குழந்தையின் வயசுக்கான ரகமா?
* காலாவதி தேதி, சீல் சரியாக இருக்கிறதா?
* கலக்கும் முறை புரியும் மொழியில் இருக்கிறதா? வெளிநாட்டு டின்னில் இது முக்கியம்.
* அந்த டின்னோடு வந்த ஸ்பூனா? ஒரு பிராண்டின் ஸ்பூனை இன்னொன்றுக்குப் போட்டால் அளவு மாறும்.

டீக்கான பால்பவுடரும் கண்டென்ஸ்டு மில்க்கும் கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. விலை கட்டுப்படியாகவில்லை என்று தண்ணீரைக் கூட்டிக் கலப்பதும் ஆபத்து. அப்படி நீர்க்கக் கலப்பதைவிட, முழு அளவில் கொடுக்க முடிகிற விலை குறைந்த டின்னே குழந்தைக்கு நல்லது.