பிறர் பள்ளியில் பிறந்த நல்லாசிரியர்: மர்ஹூம் டி. பி. ஜாயா

நம் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு, பள்ளிக்கூடம் என்றாலே பால்மரங்களுக்கு நடுவே நின்ற ஒரு தகரக் கொட்டகைதான் நினைவுக்கு வரும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, ஆனால் ஆசிரியர் எங்கிருந்து வருவார்? கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ வேலை முடிந்த நேரத்தில் வாத்தியாரானார். கட்டடம் எழுப்புவதைவிட ஆசிரியரை உருவாக்குவது கடினம் என்பதை நம் முன்னோர் அன்றே கண்டுகொண்டார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரை இந்தப் பொன்விழா மலரில் நினைவுகூர விரும்புகிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்லர், தமிழரும் அல்லர். இலங்கையில் பிறந்த மலாய்க்காரர். தமிழ் பேசும் முஸ்லிம்களின் தலைமைக் கல்லூரியை ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் நடத்தியவர். மர்ஹூம் துவான் புர்ஹானுத்தீன் ஜாயா, சுருக்கமாக டி. பி. ஜாயா.

இலங்கையில் மலாய்க்காரர் எப்படி என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஜாவாவிலிருந்தும் கிழக்குத் தீவுகளிலிருந்தும் போர்வீரர்களும், நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தாரும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பின்னர் ஆங்கிலேயர் அவர்களைத் தம் படையில் சேர்த்தார்கள். அந்தப் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டதும் பலர் காவல்துறைக்குப் போனார்கள். மலாய் மொழியை மறக்காத மக்கள் அவர்கள். 1869இலேயே கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி எழுத்தில் அச்சிட்டவர்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில், கண்டிக்கு அருகிலுள்ள கலகெதரையில், 1890 ஜனவரி 1ஆம் தேதி ஜாயா பிறந்தார். தந்தை காவல்துறையில் பணிபுரிந்தவர். மகனோ கொழும்பிலுள்ள கிறிஸ்தவக் கல்லூரியான புனித தோமையார் கல்லூரியில் படித்துத் தேறினார்.

அந்தக் காலத்தில் முஸ்லிம் பிள்ளை ஒன்று மிஷனரிப் பள்ளியில் படிப்பது சாதாரணச் செய்தியல்ல. ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் பாதிரிமார்களின் கையில் இருந்தது. பள்ளிக்குப் போனால் பிள்ளையின் ஈமான் போய்விடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் விளைவு என்ன? படித்த முஸ்லிம்கள் குறைந்தார்கள். படித்தவர் குறையவே முஸ்லிம் ஆசிரியர்கள் இல்லாமல் போனார்கள். நம்மவர் இல்லாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் மேலும் தயங்கினார்கள். இப்படி ஒரு வட்டம் சமுதாயத்தைச் சுற்றி இறுகியது.

இந்த வட்டத்தை முதலில் உடைக்கப் புறப்பட்டவர் கண்டி வழக்கறிஞர் அறிஞர் சித்தி லெப்பை அவர்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வி கல்வி என்று ஓயாமல் எழுதினார். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' அவர் எழுதியதுதான். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த ஒராபி பாஷாவும், வாப்பிச்சி மரைக்காரும் அவரோடு கைகோத்தார்கள். 1892இல் கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி எழுந்த மதரஸாவே பிற்காலத்து ஸாஹிராக் கல்லூரி. சித்தி லெப்பை 1898இல் மறைந்தார். அதன்பின் கல்லூரி தளர்ந்தது. பணமும் இல்லை, மாணவரும் சேரவில்லை, தகுதியான ஆசிரியரும் கிடைக்கவில்லை.

இனி ஜாயாவிடம் வருவோம். அவர் 1910இல் ஆசிரியப் பணியில் இறங்கினார். இறங்கிய இடம் எது தெரியுமா? கண்டி தர்மராஜக் கல்லூரி, பௌத்தர்களின் பள்ளி. அங்கிருந்து மொரட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரிக்குப் போனார். 1917இல் கொழும்பு ஆனந்தக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனந்தாவும் பௌத்தர்களின் தலைமைக் கல்லூரிகளில் ஒன்று. மலாய் வீட்டில் பிறந்த முஸ்லிம் இளைஞர், கிறிஸ்தவப் பள்ளியில் படித்துவிட்டு, சிங்களப் பௌத்த மாணவர்களுக்கு வரலாறும் இலக்கியமும் கற்பித்தார். பதினொரு ஆண்டுகள் அப்படிப் போயின.

இதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பௌத்தர்களும் நம்மைப் போலவே மிஷனரிப் பள்ளிகளுக்கு மாற்றாகத் தம் பள்ளிகளைக் கட்டியவர்கள்தாம். அவர்கள் பிள்ளைகளுக்குப் பௌத்தம் வேண்டும் என்றார்கள். ஆனால் வரலாறு சொல்லிக்கொடுக்க ஒரு முஸ்லிம் வந்தால் வாசலை அடைக்கவில்லை. மதம் பள்ளியின் அடித்தளமாக இருக்கலாம், ஆசிரியரின் அறைக்கு அதுவே பூட்டாக வேண்டியதில்லை என்று ஜாயா கற்றது அங்கேதான். பிறர் பள்ளியில் தன் மார்க்கத்தைப் பேணி, பிறர் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக நடத்தினார்.

1921இல் ஸாஹிராவின் முதல்வர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. ஆனந்தாவும் மருதானையில்தான், ஸாஹிராவும் மருதானையில்தான். தூரம் குறைவு, ஆனால் இறக்கம் பெரிது. ஒன்று வளர்ந்துவரும் கல்லூரி, மற்றது மூடும் நிலையிலிருந்த பள்ளி. பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவர் அதை ஏற்றது பலருக்குப் புரியாத செயல். முப்பத்தொரு வயதில் அவர் ஏற்றார்.

ஸாஹிராவில் அவர் கண்ட மாணவர்கள் ஒரே வகையினர் அல்லர். சோனகப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினார்கள், மலாய்ப் பிள்ளைகள் மலாய் பேசினார்கள், இந்திய வணிகர்களின் பிள்ளைகளுக்கு வேறு தாய்மொழி. பாடம் ஆங்கிலத்தில். இவர்களுக்கு ஆசிரியர் தேட வேண்டும். முஸ்லிம் பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. எல்லாரும் நம்மவராகவே இருக்க வேண்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை வீணாகும். ஜாயா காத்திருக்கவில்லை. தகுதியுள்ள சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்தார்கள். தொழுகையும் மார்க்கப் பாடமும் பள்ளியின் உயிராகவே இருந்தன. கணிதத்தையும் அறிவியலையும் யார் நன்றாகக் கற்பிப்பார்களோ அவர்கள் கற்பித்தார்கள். அந்த ஆசிரியர்களிடம் படித்த முஸ்லிம் மாணவர்களிலிருந்து அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் வந்தார்கள். வட்டம் அப்படித்தான் உடைந்தது.

அவர் பொறுப்பேற்றபோது நூறு மாணவர்கூட இல்லாத பள்ளி, அவர் விடைபெறும்போது ஆயிரக்கணக்கானோர் படிக்கும் கல்லூரி. கொழும்போடு அவர் நிற்கவில்லை. அளுத்கமை, மாத்தளை, கம்பளை, புத்தளம் ஆகிய ஊர்களிலும் ஸாஹிராக் கிளைகள் தோன்றின. தலைநகருக்குப் பிள்ளையை அனுப்ப முடியாத பெற்றோரின் வாசலுக்கே பள்ளி போயிற்று.

ஜாயாவின் அரசியலையும் சொல்ல வேண்டும். 1924இல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936இல் அரசாங்க சபை உறுப்பினரானார். 1945இல் நாட்டின் விடுதலைக் கோரிக்கை சபைக்கு வந்தபோது, முஸ்லிம்களின் சார்பில் அதை ஆதரித்துப் பேசினார். நாடு முதலில் விடுதலை பெறட்டும் என்பது அவர் நிலை. பெரும்பான்மையினரின் பிள்ளைகளுக்குப் பதினொரு ஆண்டுகள் பாடம் சொன்னவருக்கு அவர்கள் மேல் நம்பிக்கை இருந்தது இயல்பே. 1947இல் கொழும்பு மத்தியத் தொகுதியில் வென்று, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சரானார்.

தோட்டப்புற மக்களாகிய நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே அரசாங்கம்தான் 1948இல் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான இந்தியத் தமிழரை நாடற்றவராக்கியது. ஜாயா அந்த அமைச்சரவையில் இருந்தார். பள்ளியறையில் அவர் காட்டிய விரிந்த மனம், அந்த அரசாங்கத்தின் சட்டத்தில் இல்லை. பெரியவர்களைப் போற்றும்போது நிறையோடு குறையையும் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

ஸாஹிராவில் அவருக்குப் பின் 1948இல் முதல்வரானவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாண இந்துக் கல்லூரியில் படித்தவர், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்த உயர்ந்த உத்தியோகத்தை உதறிவிட்டு ஆசிரியராக வந்தார். அவர் காலத்தில் ஸாஹிராவில் கற்பித்தவர்களில் ஒருவர், அங்கேயே படித்த கார்த்திகேசு சிவத்தம்பி. பின்னாளில் தமிழுலகம் கொண்டாடிய பேராசிரியர். முஸ்லிம்களின் கல்லூரி தமிழுக்கு ஓர் அறிஞரைத் தந்தது. ஜாயா நட்ட மரத்தின் நிழல் அவ்வளவு தூரம் விழுந்தது.

பின்னர் ஜாயா பாகிஸ்தானுக்கு இலங்கையின் முதல் தூதராகச் சென்றார். 1960இல் ஹஜ் பயணம் போனவர், மே 31ஆம் தேதி மதீனா மாநகரில் வபாத்தானார்.

ஜாயா ஸாஹிராவை ஏற்றதற்கு அடுத்த ஆண்டு, 1922இல், நம் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய் ஆசிரியர்களை உருவாக்கவென்றே கட்டப்பட்ட கல்லூரி அது. மலாய்ச் சமுதாயத்தின் எழுச்சிக்கு அந்த ஆசிரியர்கள் எவ்வளவு செய்தார்கள் என்பது இந்நாட்டு வரலாறு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கோ அப்படி ஒரு கல்லூரி அன்று இல்லை. ஈப்போவின் ஆங்கிலப் பள்ளிகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் பலர் கற்பித்தார்கள். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அவர்களிடம் படித்தார்கள். அப்படி வேற்றினத்து ஆசிரியரிடம் படித்தவர்கள் நம் மூத்தவர்களில் பலர் உண்டு. அந்த ஆசிரியர்களின் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள்.

இன்று நம் பிள்ளைகள் தேசியப் பள்ளியிலும் தமிழ்ப்பள்ளியிலும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளிவாசலில் அரபு, கடைத்தெருவில் மலாய் என்று மூன்று மொழியோடு வளர்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலும் தேசியப் பள்ளியிலும் ஒருசேர நின்று கற்பிக்கத் தகுதியானவர்கள் இவர்களைவிட யார்? ஆனால் பிள்ளை வாத்தியாராகப் போகிறேன் என்றால் நாம் முகம் சுளிக்கிறோம். கடையைப் பார்த்துக்கொள், அல்லது டாக்டராகு என்கிறோம். நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருக்கும் இவ்வேளையில், நம் உபகாரச் சம்பளத்தில் ஒரு பங்கையாவது ஆசிரியப் பயிற்சிக்குப் போகும் ஆண், பெண் பிள்ளைகளுக்கென ஒதுக்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

நம் பிள்ளைகள் நம் பள்ளியில் மட்டுமல்ல, பிறர் பள்ளியிலும் கற்பிக்கட்டும். பிறர் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். மலாய்க்காரராகப் பிறந்து, பௌத்தப் பள்ளியில் தேர்ந்து, தமிழ் முஸ்லிம்களுக்கு ஒரு கல்லூரியைக் காத்துக்கொடுத்த அப்பெருமகனாரின் வாழ்வு காட்டும் வழி அதுவே. வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, மேலான சுவனபதியை அருள்வானாக. ஆமீன்.