செம்முடிப் பாதிரியார்

இத்தாலி நாட்டின் வடகிழக்கில், கடற்கழியின் நடுவே பல தீவுகளின்மீது அமைந்த நகரம் வெனிஸ். கால்வாய்களே தெருக்களாக விளங்கும் அந்நகரில், 1678 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4 ஆம் நாள் அந்தோனியோ விவால்டி பிறந்தார். அவர்தம் தந்தையார் முதலில் முடிதிருத்தும் தொழில் புரிந்தவர். பின்னர் வயலின் இசையில் தேர்ந்து, புனித மாற்குப் பேராலயத்தின் இசைக்குழுவில் இடம் பெற்றார். மைந்தரும் அவ்வழியே வயலினில் வல்லவரானார்.

விவால்டி 1703 ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். அவருடைய தலைமுடி செந்நிறமாக இருந்தமையால், மக்கள் அவரைச் செம்முடிப் பாதிரியார் என்றே அழைத்தனர். இளமை முதலே வருத்திய நெஞ்சுநோயால் அவர் நெடுங்காலம் பூசை நிகழ்த்த இயலவில்லை.

குருவான அவ்வாண்டிலேயே பியெத்தா என்னும் அறநிலையத்தில் அவர் வயலின் ஆசிரியராக அமர்ந்தார். பெற்றோரால் கைவிடப்பட்ட குழவிகளை ஏற்று வளர்த்த இல்லம் அது. அங்கு வளர்ந்த பெண்களுள் இசைத்திறம் வாய்ந்தோர் பாட்டும் கருவியிசையும் பயின்றனர். கம்பித் தட்டியின் பின்னே மறைந்திருந்து அவர்கள் எழுப்பிய இசையைக் கேட்க அயல்நாட்டாரும் வந்து கூடினர். ஆசிரியர்களின் பதவியை ஆண்டுதோறும் வாக்கெடுத்து நீட்டிப்பது நிருவாகத்தாரின் வழக்கம். 1709 இல் ஒரே வாக்கு வேறுபாட்டில் விவால்டி தம் பதவியை இழந்தார். எனினும் 1711 இல் அவர்களே அவரை மீண்டும் அழைத்துக்கொண்டனர்.

அக்காலத்தில் செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவி, பிற கருவிகளுக்குக் கீழ்க்குரல் துணையாகவே பெரும்பாலும் ஒலித்தது. விவால்டியோ அதனை முன்னிறுத்தி, சொனாட்டா என்னும் இசைவடிவங்கள் இயற்றினார். அவற்றுள் ஒன்பது இன்றும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் மெதுநடை, விரைநடை, மீண்டும் மெதுநடை, விரைநடை என நான்கு பகுதிகள் உண்டு. செல்லோவுக்குத் துணையாக ஒரு கீழ்க்குரல் வரியை மட்டுமே அவர் எழுதினார். ஹார்ப்சிகார்ட் வாசிப்போர் அவ்வரிக்குப் பொருந்தும் சுரக்கூட்டங்களைத் தம் அறிவால் அமைத்து நிரப்புவர். ஆழ்ந்த குரலுடைய ஒருவர் உள்ளம் உருகிப் பாடுவது போன்றது அச்செல்லோவின் மெதுநடை.

அச்சொனாட்டாக்களுள் ஆறு 1740 ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் அச்சேறின. ஆனால் வெனிஸ் மக்களின் சுவையோ அதற்குள் மாறிவிட்டது. விவால்டி வியன்னா நகருக்குச் சென்றார். அவரைப் பெரிதும் மதித்த பேரரசர் ஆறாம் சார்லஸ் 1740 அக்டோபரில் மறைந்தார். ஆதரிப்பாரின்றி 1741 சூலைத் திங்கள் 28 ஆம் நாள் விவால்டி வறுமையில் உயிர் நீத்தார். எளிய முறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார், அக்கல்லறையும் இன்றில்லை.

உலகம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அவரை மறந்திருந்தது. 1926 இல் வட இத்தாலியின் துறவியர் கல்லூரி ஒன்றிலிருந்து அவருடைய கையெழுத்துப் படிகள் பல வெளிப்பட்டன. எஞ்சியவை பின்னர் ஜெனோவா நகரில் கிடைத்தன. அவற்றை விலைகொடுத்து வாங்கித் தூரின் நூலகத்துக்கு வழங்கியோர் இருவர். அவ்விருவருமே தம் சிறு மைந்தரைச் சாவுக்குப் பறிகொடுத்த தந்தையர். அக்குழந்தைகளான மவுரோ, ரென்சோ ஆகியோரின் பெயர்களையே அத்தொகுதிகள் தாங்கி நிற்கின்றன.

பெற்றோரை இழந்த மக்களுக்கு இசையை வாழ்வாக்கித் தந்தார் விவால்டி. மக்களை இழந்த பெற்றோர் அவ்விசைக்கு மீண்டும் வாழ்வு தந்தனர். பிறர்க்கு உவந்து அளித்த கலை அழிவதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.