அவ்வை இல்லம் தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

அடையாறு பெசன்ட் அவென்யூ வழியாகப் போய்வரும் நம்மில் பலருக்கு அவ்வை இல்லத்தைத் தெரிந்திருக்கும். ஆனால் அது எப்படித் தொடங்கியது, அதைத் தொடங்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள் ஜூலை 30. அவரது வாழ்க்கையை இந்த இதழில் நினைவுகூர்கிறோம்.

முத்துலட்சுமி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்தால் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். தாய்வழிக் குடும்பத்துப் பெண்களை ஊர் எப்படிப் பார்த்தது, எப்படிப் பேசியது என்பதைச் சிறு வயதிலேயே முத்துலட்சுமி கண்டார். பின்னாளில் அவர் செய்த பல காரியங்களுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பெண் பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்ததும் திருமணம் செய்துவைக்கும் காலம் அது. அவரோ வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மேலே படிக்க ஊரில் இருந்தது ஆண்கள் கல்லூரி மட்டுமே. ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டராக வெளியே வந்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதை முன்கூட்டியே நிபந்தனையாகச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே திருமணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டையும் மருத்துவத் தொழிலையும் பார்த்துக்கொண்டே, இந்திய மாதர் சங்கத்தின் வேலைகளிலும் ஈடுபட்டார்.

1926-ல் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். அடுத்து அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழந்தைத் திருமணம், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவ வசதி என்று பலவற்றை அவையில் எழுப்பினார். அவற்றில் அவரை அதிகம் போராட வைத்தது, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம்.

எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்தும் வந்தது. சம்பிரதாயம் கெடும் என்றார்கள் சிலர். தங்கள் பிழைப்பும் கலையும் போய்விடும் என்று தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரே மனுக் கொடுத்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கோயில் ஊழியத்துக்காக அவர்களிடம் இருந்த இனாம் நிலம் கையை விட்டுப் போனால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? 1929-ல் வந்த சட்டத் திருத்தம், ஊழியக் கட்டாயத்தை நீக்கி நிலத்தை அவர்களுக்கே விட வழி செய்தது. பொட்டுக்கட்டுவதை முழுவதுமாகத் தடை செய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது. அதுவரை அவர் ஓயவில்லை.

1930-ல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து, மேலவைப் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்துதான் நம் அவ்வை இல்லத்தின் கதை தொடங்குகிறது.

பொட்டுக்கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று வந்த மூன்று இளம்பெண்கள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தங்கிப் படிக்க அவர்களுக்கு விடுதிகளில் இடம் தேடினார். அப்போது விடுதிகள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. தேவதாசி குலத்துப் பெண்கள் என்பதால் அவர்களைச் சேர்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. சட்டம் பேசி ஒரு வழக்கத்தை மூடச் சொன்னவர், அதிலிருந்து வெளியே வந்த பிள்ளைகளை வாசலில் நிற்க விட முடியுமா? தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுவே அவ்வை இல்லம் ஆயிற்று. திருமணம், குடும்பம் என்ற கட்டுக்குள் அடங்காமல், கல்வியால் மதிக்கப்பட்ட தமிழ்ப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்.

பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகள், கைவிடப்பட்ட பெண்கள், பிழைக்க வழியில்லாத ஏழைக் குடும்பத்துச் சிறுமிகள் என்று பலரும் வந்தார்கள். சாதி, மதம் பார்க்கப்படவில்லை. சாப்பாடும் படுக்க இடமும் மட்டும் போதாது, சொந்தக் காலில் நிற்கப் படிப்பும் தொழிலும் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதனால்தான் இல்லத்தோடு பள்ளியும் வளர்ந்தது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் முயற்சியில் வந்ததே. 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1954-ல், 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கையில் காலமானார். ஏழைக் கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவர் தொடங்கிய இல்லம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கோ, இதுபோன்ற வேறு இல்லங்களுக்கோ உதவ விரும்பும் அன்பர்கள் சில விஷயங்களைக் கவனத்தில் வைக்கலாம். என்ன தேவை என்று முதலில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தீபாவளிக்கு எல்லோரும் இனிப்பு கொடுப்பார்கள். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகத்துக்கும், மற்ற மாதங்களில் அரிசி பருப்புக்கும் ஆள் குறைவாகத்தான் இருக்கும். சிறு தொகையானாலும் மாதாமாதம் கொடுத்தால் நிர்வாகத்தினர் திட்டமிட முடியும். பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. ஆதரவின்றியோ ஆபத்திலோ ஒரு குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தயங்காமல் போன் செய்யுங்கள்.

அன்று அந்த மூன்று பெண்களுக்கும் இடமில்லை என்று சொன்னவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். நம் வீட்டு வாசலுக்கோ, நம் தெருவுக்கோ அப்படி ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது நாம் அதைச் சொல்லாமல் இருப்போம்.