நோயின் பெயரில் வாழும் டோனவன்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1903-ஆம் ஆண்டு சார்லஸ் டோனவன் கண்டறிந்த ஒன்று அவருக்கு உலகப் புகழைத் தந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மருத்துவமனையில் அவர் கண்டறிந்த மற்றொன்று, மருத்துவ வட்டத்துக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. முதலாவது, காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணி. இரண்டாவது, பிறப்புறுப்பைப் புண்ணாக்கி மெல்ல அரித்துக்கொண்டே பரவும் ஒரு பால்வினை நோயின் கிருமி. அந்நோய்க்கு இன்று டோனவனோசிஸ் என்றே பெயர். புகழ் தந்த கண்டுபிடிப்பைவிட, புகழ் தராத இந்த இரண்டாவது கண்டுபிடிப்பே அவரது வாழ்வில் என் கவனத்தை ஈர்க்கிறது.

டோனவன் 1863 செப்டம்பரில் கொல்கத்தாவில் பிறந்தார். அயர்லாந்து மரபினரான தந்தை இங்கே நீதிபதி. ஒன்பது குழந்தைகளில் இவரே மூத்தவர். பதின்மூன்று வயதில் படிப்புக்காக அயர்லாந்தின் கார்க் நகருக்கு அனுப்பப்பட்டு, 1889-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1891-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகள் ராணுவத்தோடு அலைந்தபின், 1898-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியரானார். பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. காலையில் படுக்கையருகே கண்டதை மாலையில் நுண்ணோக்கியில் தேடிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இப்படித்தான் அமைந்தது.

கருங்காய்ச்சல் கதை ஒரு சச்சரவின் கதையுமாகும். கொல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் விசித்திரமான உருண்டைகளைக் கண்டதாக, 1903 மே மாத இறுதியில் வில்லியம் லீஷ்மன் எழுதினார். அவை சிதைந்துபோன வேறோர் ஒட்டுண்ணியின் எச்சங்களாக இருக்கலாம் என்பது அவரது ஊகம். டோனவனோ அதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், சென்னையில் இறந்தோரின் மண்ணீரலில் அதே உருண்டைகளைக் கண்டிருந்தார். ஜூன் 17 அன்று உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்தும் அவற்றை எடுத்துக் காட்டினார். உயிருள்ள உடலில் காணப்படுவது பிணத்தின் சிதைவாக இருக்க முடியாது என்பதால், லீஷ்மனின் ஊகம் அங்கேயே தகர்ந்தது. கண்டுபிடிப்பு யாருக்கு உரியது என்று இருவர் தரப்பும் வாதிட்டுக்கொண்டிருக்க, மலேரியா ஆய்வுக்காக முந்தைய ஆண்டு நோபல் பரிசு பெற்றிருந்த ரொனால்ட் ராஸ், அக்கிருமிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். பேரினம் ஒருவருக்கு, சிற்றினம் மற்றவருக்கு. பாகப்பிரிவினை வழக்குகளில்கூட இவ்வளவு நேர்த்தியான தீர்ப்பு அரிது!

1905-இல் வேறொரு நோயாளிக் கூட்டம் டோனவனின் கவனத்துக்கு வந்தது. பிறப்புறுப்பிலும் தொடையிடுக்கிலும் மாட்டிறைச்சி நிறத்தில் சிவந்து, தொட்டால் குருதி கசியும் புண்கள். வலி இல்லை, நெறி கட்டுவதும் வழக்கமில்லை. வலியில்லாததால் நோயாளி பொறுத்துக்கொள்கிறார். வெட்கத்தால் மறைத்தும் கொள்கிறார். புண் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் படர்ந்து, சதையை அழித்து, உறுப்பைச் சிதைக்கிறது. இதே நோயைக் கொல்கத்தாவில் கென்னத் மெக்லியாட் என்ற அறுவை மருத்துவர் 1882-இலேயே விவரித்திருந்தார். காரணம் மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

டோனவன் புண்ணின் திசுவைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றிப் பார்த்தார். உடலின் பெரிய பாதுகாப்பு அணுக்களுக்குள் சிறு சிறு கூட்டங்களாக, இரு முனைகளும் அடர்ந்து சாயமேறிய குச்சிகள் தென்பட்டன. மூடிய ஊக்கைப் போன்ற தோற்றம் என்று மாணவர்களுக்கு இன்றும் சொல்லித்தருகிறார்கள். இந்தியன் மெடிக்கல் கெஸட்டில் அவ்வாண்டே அவர் இதை வெளியிட்டார். அவை டோனவன் உருக்கள் என்று பெயர் பெற்றன. இன்றும் அவற்றைக் காண உதவும் சாயங்களுள் ஒன்று லீஷ்மன் சாயம். சண்டையிட்ட இருவரும் ஒரே கண்ணாடித் தகட்டில் சந்திக்கிறார்கள்.

அதே 1905-இல் பெர்லினில் ஷௌடின், ஹோஃப்மன் இருவரும் சிபிலிஸ் எனும் மேகநோயின் கிருமியைக் கண்டுபிடித்தனர். அடுத்த ஆண்டே அதற்கு வாசர்மன் இரத்தப் பரிசோதனை வந்தது. 1910-இல் பால் எர்லிக்கின் சல்வர்சன் மருந்தும் வந்தது. ஐரோப்பியத் தலைநகரங்களின் படைவீரர்களையும் செல்வர்களையும் தாக்கிய நோய்க்கு ஐந்தே ஆண்டுகளில் கிருமி, பரிசோதனை, மருந்து என மூன்றும் கிடைத்துவிட்டன. சென்னையின் ஏழைகளை அரித்த கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கவே 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கேத்தரின் ஆண்டர்சன் கோழிக்கருவின் மஞ்சள் பையில் அதை வளர்த்துக் காட்டினார். வளர்ப்பதற்குக் கடினமான கிருமி என்பது உண்மைதான். ஆனால் வாங்கும் சக்தி இல்லாதவரின் தேவை சந்தையில் தேவையாகவே பதிவாவதில்லை என்று பொருளியல் வகுப்பில் நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில், கிருமியின் பிடிவாதத்தை மட்டும் காரணமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மருந்துகளும் கடன் வாங்கப்பட்டவையாகவே வந்தன. பிரேசிலில் கஸ்பார் வியன்னா என்ற இளம் ஆய்வாளர், லீஷ்மேனியா புண்களுக்குப் பயன்படுத்திய ஆன்டிமனி உப்பை, 1913-இல் அரகாவோவுடன் சேர்ந்து இந்நோய்க்கும் கொடுத்துப் பயன் கண்டார். டோனவன் பெயர் தாங்கிய இரு நோய்களுக்கும் சில காலம் ஒரே மருந்து! ஒன்றுக்குக் காரணம் ஒட்டுண்ணி, மற்றதற்குப் பாக்டீரியா என்பதை எண்ணினால் இது வியப்புக்குரிய தற்செயல். 1940-களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசினும் ஆரியோமைசினும் வந்தபிறகே சிகிச்சை உறுதிப்பட்டது. ஆரியோமைசின் உருவான லெடர்லி ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். டோனவன் கற்பித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

1911-இல் ராயப்பேட்டை மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதன் முதல் கண்காணிப்பாளராக டோனவன் பொறுப்பேற்றார். 1919-இல் ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தார். அதன்பின் இங்கிலாந்தில் குடியேறி, மருத்துவத்தை விட்டு வண்ணத்துப்பூச்சிகளிடமும் அந்துப்பூச்சிகளிடமும் போய்ச் சேர்ந்தார். அயர்லாந்தின் பூச்சிகளைப் பற்றி 1936-இல் அவர் வெளியிட்ட பட்டியல் அத்துறையினர் மதிக்கும் நூல். சிறியதை உற்றுப் பார்த்து, மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து, பெயரெழுதி வைக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதானே.

1950-இல் மார்மெல், சான்டோரா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு டோனவனோசிஸ் என்ற பெயரை முன்மொழிந்தபோது அவர் உயிரோடிருந்தார். 1951 அக்டோபரில், 88-ஆவது வயதில், இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயரில் உள்ள ஒரு சிற்றூரில் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து இந்நோய் பற்றிய விரிவான நூலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர்கள் சென்னையின் பால்வினை நோய் மருத்துவர்கள் ஆர்.வி. ராஜமும் பி.என். ரங்கையாவும். டோனவன் தொடங்கிய வேலையை அதே ஊர் மருத்துவர்கள் அரை நூற்றாண்டு கழித்து நிறைவாக்கினர். அந்த நூலின் தலைப்பும் டோனவனோசிஸ்தான். 1999-இல் அறிவியலாளர்கள் இக்கிருமியை கிளெப்சியெல்லா இனத்தில் சேர்த்துவிட்டனர். நோயின் பெயர் மாறவில்லை.

இந்நோய் இப்போது அரிதாகிவிட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே 1994-இல் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் பதிவானது. நோயாளிகளைத் தேடிச் சென்று கண்டறிந்து, அஸித்ரோமைசின் கொடுத்து, சில ஆண்டுகளில் அதை மிகச் சிலரளவில் சுருக்கிவிட்டார்கள். அரிதாகிவிட்ட நோயைப் பற்றி இன்று ஏன் எழுத வேண்டும் என்றால், கண்டறியும் முறையில் நாம் டோனவனுக்குப் பின்னால் போய்விட்டோமோ என்ற ஐயம்தான் காரணம்.

நான் வசிக்கும் புளியறை, தமிழகத்தின் எல்லையூர். செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்கு ஏறும் சரக்கு லாரிகள் இங்குள்ள சோதனைச் சாவடியில் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். வாரக்கணக்கில் வீடு காணாத ஓட்டுநர்களைப் பால்வினை நோய்த் தடுப்புத் திட்டங்கள் ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவர்கள் என்று வகைப்படுத்துகின்றன. அந்த முத்திரையே மருத்துவமனை வாசலில் அவர்களைத் தயங்க வைக்கிறது. தயக்கத்தைக் கடந்து அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்துக்குப் போகிறவருக்கு, அறிகுறியைப் பார்த்து நிறம் பிரித்த மருந்துப் பொட்டலம் இலவசமாகத் தரப்படுகிறது. பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளைப் பொட்டலம்: பென்சிலின் ஊசி, கூடவே ஒருவேளை அஸித்ரோமைசின். ஆய்வகமில்லாத இடத்திலும் அன்றே சிகிச்சை என்பது இம்முறையின் பெரும் பலன். ஒருவரைக் குணப்படுத்தினால் அவரிடமிருந்து தொற்றவிருந்த பலரும் காக்கப்படுகிறார்கள். இதைப் புறவிளைவு என்போம். இத்தகைய சிகிச்சையின் செலவை அரசு ஏற்பது கருணையன்று, சரியான கணக்கு.

எனினும் அறிகுறியே தெரியாத நோயை அறிகுறி பார்த்து எப்படிப் பிடிப்பது? கிளமிடியா, கொனோரியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி இராது. கருக்குழாய் அடைபட்டுக் குழந்தைப்பேற்றுக்காக மருத்துவரிடம் போகும்போதே சிலருக்கு விவரம் தெரிகிறது. டோனவனோசிஸில் சிக்கல் வேறு விதம். அதற்கு ஒருவேளை மருந்து போதாது. புண் முழுதும் ஆறும்வரை, குறைந்தது மூன்று வாரம், சிகிச்சை தொடர வேண்டும். பொட்டலம் வாங்கிப் போனவர் திரும்பி வராவிட்டால் புண் உள்ளே படர்ந்துகொண்டிருக்கும். திரும்பி வந்தாலும், புற்றுநோயோ என்று அஞ்ச வைக்கும் தோற்றம் அதற்கு உண்டு. அந்நிலையில் அறுவைக்கு முன் ஒருவர் திசுவைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு கண்ணாடித் தகடு, சிறிது சாயம், டோனவன் உருக்களை அடையாளம் காணப் பழகிய ஒரு கண். முதல் இரண்டும் வட்டார மருத்துவமனை ஆய்வகங்களில் இன்றும் உண்டு. இரத்த அணுக்களைப் பார்க்க அன்றாடம் பயன்படுபவைதான் அவை. மூன்றாவதை உருவாக்க ஆய்வக நுட்புநருக்குச் சில நாள் பயிற்சியும், ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பும் போதும். மாவட்டச் சுகாதாரத் திட்ட மதிப்பீட்டில் அதற்கென ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவாகாது.