தடையை மீறி மலர்ந்த பூ

யுத்தத்தில் சொந்த மண்ணை இழந்தவர்கள் மீண்டும் வாழ்வைக் கட்டியெழுப்பிய கதைகள் உலகில் பல உண்டு. பின்லாந்தின் புடைவைக் கைத்தொழிலில் புதிய சகாப்தமொன்றைத் தொடக்கி வைத்த ஆர்மி ராத்தியாவின் வாழ்க்கையும் அத்தகையதே.

1912 ஆம் ஆண்டு கரேலியாப் பிரதேசக் கிராமமொன்றில் பிறந்த அவர், ஹெல்சிங்கியில் கலைக்கல்வியை முடித்து, 1935 இல் விபோர்க் நகரில் நெசவுக்கூடமொன்றை ஆரம்பித்தார். 1939 இல் சோவியத் யூனியனுடன் மூண்ட யுத்தம் அதனைப் பறித்தது. பிறந்த கிராமமும் தொழில் நடத்திய நகரும் இறுதியில் சோவியத் வசமாகின. நான்கு இலட்சத்துக்கும் அதிகமான கரேலிய மக்கள் இடம்பெயர்ந்தனர். தறியை இழந்த ஆர்மி, ஹெல்சிங்கியில் விளம்பர நிறுவனமொன்றில் பணிபுரிந்தார்.

1949 இல் அவரது கணவர் வில்யோ, மெழுகுசீலைத் தொழிற்சாலையாக இருந்த பிரின்டெக்ஸைப் பொறுப்பேற்றார். அங்கு பருத்தித் துணியில் சித்திரங்களை அச்சிடும் யோசனையை முன்வைத்த ஆர்மி, மாயா இசோலா போன்ற இளம் ஓவியர்களை அழைத்துக்கொண்டார். பெரிய உருவங்களும் அடர்ந்த வர்ணங்களும் கொண்ட அத்துணிகளை மக்கள் வியந்தனர். ஆனால், எதற்குப் பயன்படுத்துவதென அறியவில்லை. எனவே அவற்றை ஆடைகளாகத் தைத்து 1951 மே மாதம் ஹெல்சிங்கியில் காட்சிப்படுத்தினார். சில தினங்களில் மாரிமெக்கோ நிறுவனம் உதயமாயிற்று. மாரியின் சட்டை என்பதே அப்பெயரின் பொருளாகும். 1960 இல் ஜாக்குலின் கென்னடி அவ்வாடைகளை வாங்கியதால் நிறுவனத்தின் புகழ் அமெரிக்காவெங்கும் பரவியது.

மலரின் அழகு மலருக்கே உரியது, அதனைத் துணியில் அச்சிடலாகாது என்பது ஆர்மியின் உறுதியான கொள்கை. அதனை மீறி இசோலா 1964 இல் கசகசாப் பூவைப் பேருருவில் வரைந்தார். நிறுவனத்தின் தலைவி சினங்கொள்ளவில்லை; தன் தடையைத் தானே கைவிட்டு அதனை அச்சேற்றினார். உனிக்கோ என்னும் அச்சித்திரமே இன்றும் மாரிமெக்கோவின் அடையாளமாகத் திகழ்கின்றது. துணியின் கரையிலோ வரைந்த கலைஞரின் பெயரே அச்சிடப்பட்டது.

1960களின் பிற்பகுதியில் நிறுவனம் கடும் நிதி நெருக்கடியையும் சந்தித்து மீண்டது. 1979 ஒக்டோபரில் ஆர்மி காலமானார். இழந்த ஊர் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. எனினும், பிறர் திறமைக்கு இடமளித்து, அது தன் கட்டளைக்கு மாறாக நின்றபோதும் அதன் பெறுமதியை ஏற்றுக்கொண்டமையே அவர் விட்டுச்சென்ற பெரும் சொத்தாகும். அதிகாரத்தில் இருப்போர் எவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய பண்பு இது.