நன்றி மறவாத நாட்டுப்பற்றாளர்

ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் வந்ததும் கொடி ஏற்றுகிறோம், இனிப்பு வழங்குகிறோம், பள்ளிச் சிறார்களைத் தலைவர்களின் பெயர்களைச் சொல்லச் செய்து மகிழ்கிறோம். இவை யாவும் நல்லனவே. ஆயினும், விடுதலை என்பது நாம் ஈட்டிய பொருளன்று. முன்னோர் பெரும்பாடுபட்டு ஈட்டி நம் கையில் ஒப்படைத்துச் சென்ற பொருள். பிறர் ஈட்டிய பொருளைத் துய்ப்பவர்க்கு முதற்கடமை நன்றியறிதலேயாகும். அந்நன்றியறிதலைத் தம் வாழ்வாலேயே கற்பித்த ஒருவரை ஈண்டு நினைவு கூர்வோம். அவர்தாம் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார்.

அன்னார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பின்னர்த் தூத்துக்குடியில் குடியேறித் தொழில் நடத்தினார். நல்ல வருவாய், நிறைந்த குடும்பம், ஊரார் மதிப்பு ஆகிய அனைத்தும் அவருக்கு வாய்த்திருந்தன. தம்மளவில் நிறைவுற்று வாழ எண்ணியிருந்தால் தடையேதும் இருந்திராது.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் வாணிகம் ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியில் இருந்தது. நம் வணிகர் தம் சரக்கை அவர்கள் கேட்ட கூலிக்கே ஏற்ற வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற எண்ணிய சிதம்பரனார், 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமைந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். சாதி சமய வேறுபாடு கருதாது பலர் கைகொடுத்த முயற்சி அது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் மேலும் குறைத்தது. கட்டணமே இன்றிப் பயணிகளை ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். இத்தகைய போட்டியை இளங்கம்பெனி எத்துணை நாள் தாங்கும்? ஆயினும் சிதம்பரனார் தளரவில்லை.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நீண்ட நேர வேலை, குறைந்த கூலி, வார ஓய்வும் இல்லை. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். சில நாள்களிலேயே நிருவாகம் இறங்கி வந்தது. நாட்டுப்பற்று என்பது மண்ணின்மேல் வைக்கும் பற்று மட்டுமன்று; அம்மண்ணில் உழைக்கும் எளியோர்மேல் வைக்கும் அன்பும் அதுவே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அரசு இனியும் பொறுக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே, இரட்டை ஆயுள் தண்டனையாக 40 ஆண்டுகள் விதித்தார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அப்பெருமகனார் இழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறை. அத்துன்பங்களுக்கு இடையேயும் நூல்கள் எழுதினார்; ஆங்கில அறநூல்களைத் தமிழாக்கினார்.

1912 டிசம்பரில் வெளிவந்தபோது அவரை எதிர்கொள்ளப் பெருங்கூட்டம் இல்லை. கம்பெனி முன்னரே கலைந்திருந்தது. கப்பலும் போட்டிக் கம்பெனியின் கைக்கே போய்விட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிற்று. சென்னையில் மனைவி மக்களுடன் வறுமையில் உழன்றார். சிறு வாணிகங்கள் செய்தும் பார்த்தார். கப்பலோட்டிய கைகள் அன்றாட அரிசிக்குக் கணக்குப் பார்த்தன.

இவ்விடத்தில்தான் அன்னாரின் உண்மைப் பெருமையை நாம் காண்கிறோம். நாடு தம்மை மறந்தது என்று அவர் மனங்கசந்திருக்கலாம். மாறாக, தமக்கு உதவியவர்களை அவர் எண்ணிப் பார்த்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து தொகை அனுப்பி உதவியவர் தில்லையாடி வேதியப்பிள்ளை. அவர் நினைவாகத் தம் மகளுக்கு வேதவல்லி என்று பெயரிட்டார். வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெற உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. அவர் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார்.

அன்பர்களே, இதனைச் சற்றே சிந்திப்போம். ஆங்கிலேய ஆட்சியால் அனைத்தையும் இழந்தவர், ஓர் ஆங்கிலேயர் செய்த நன்மையைத் தம் வீட்டில் நாள்தோறும் அழைக்கும் பெயராக்கினார். அவர் எதிர்த்தது அடிமைத்தனத்தை. ஆங்கிலேயர் என்னும் மக்களை அன்று. பகையின்றியும் உறுதியாகப் போராடலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டும் நம் நன்றிக்கு உரியது. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் கண்ட உரையை 1917இல் பதிப்பித்தார். மணக்குடவர் சமணர் என்பது அறிஞர் சிலரின் கருத்து. தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் அச்சேற்றினார். வறுமையிலும் ஏடு தேடிய அவ்வுள்ளத்திற்கு நம் இல்லங்கள் கடமைப்பட்டுள்ளன.

பின்னாளில் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்கறிஞராகப் பணியாற்றி, 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். விடுதலை வர இன்னும் ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் இருந்தன. தாம் நட்ட மரத்தின் கனியை அவர் சுவைக்கவில்லை; நாம் சுவைக்கிறோம். 2011ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. அவர் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியில் வைக்கப்பட்டுள்ளது. சென்னை செல்லும் பெற்றோர் தம் மக்களை அழைத்துச் சென்று அதனைக் காட்டுவாராக.

நன்றி என்பது சொல்லளவில் நிற்பதன்று. வாக்களிக்கத் தவறாமை, வரியை ஒளியாமை, பொதுச் சொத்தைத் தம் சொத்தெனக் காத்தல், நம்மிடம் வேலை செய்வோர்க்கு உரிய கூலியும் ஓய்வும் அளித்தல் ஆகிய இவையே செக்கிழுத்த செம்மலுக்கு நாம் திருப்பிச் செலுத்தக்கூடிய சிறு கடன்கள். கொடியேற்றும் நாளில் இவற்றுள் ஒன்றையேனும் உறுதி கொள்வோமாக.